மிஞ்சியவன் நிற்கும் இடம்

திடலில் பையன்கள் இரண்டு அணியாகப் பிரிவதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் கோல் அடிப்பவனைக் கூப்பிடுவார்கள். அடுத்து வேகமாக ஓடுபவனை. பிறகு அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுக்காரன், பந்துக்குச் சொந்தக்காரன். கடைசியில் ஒருவன் மிஞ்சுவான். கொஞ்சம் பருமனானவன், அல்லது எல்லாரையும்விடச் சின்னவன், அல்லது அன்றுதான் முதன்முதலாகத் திடலுக்கு வந்தவன். "டேய், நீ கீப்பர் நில்லு" என்பார்கள். அவனும் போய் நிற்பான். நம் ஊர்க் கோல் காவலர்களில் பலருடைய கதை இப்படித்தான் தொடங்குகிறது.

நம் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தான் என்றால் நாட்டில் பாதிப் பேர் சிரிப்பார்கள். 1911இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை, இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை, அங்கே இருப்பதால் வந்த கேலி அது. "உன்னையெல்லாம் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்ற திட்டை வாங்காமல் வளர்ந்த மலேசியப் பிள்ளைகள் குறைவு. காற்பந்துக்காரர்களும் தங்களுக்குள் ஒரு கேலி வைத்திருக்கிறார்கள்: கீப்பர் என்றால் மறை கழன்றவனாக இருக்கணுமாம். எனக்கு இந்த இரண்டு கேலியும் பிடிப்பதில்லை. எதிரியின் பூட்ஸுக்கு முன்னால் தலையைக் கொண்டுபோய் வைப்பவனுக்கு வேண்டியது பைத்தியம் அல்ல, பயிற்சி. எப்படி விழுவது, எப்போது வெளியே வருவது, எங்கே நிற்பது என்று யாராவது உட்கார்ந்து சொல்லித் தந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

ஆனால் நாம் செய்வது தலைகீழ். 12 வயதில் கீப்பரைத் தேர்ந்தெடுக்கிறோம். 18 வயதில், அதுவும் மாநில அணி வரைக்கும் வந்தவனுக்கு மட்டும், கற்றுக்கொடுக்கத் தொடங்குகிறோம். 12இல் கற்றுக்கொடுத்து 18இல் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் இது. களத்தின் மற்ற பத்து இடங்களுக்கும் இல்லாத ஒரு தனிக்கணக்கு கோல் கம்பங்களுக்கு நடுவே ஓடுகிறது.

ஈப்போ கொடுத்த கைகள்

இதைப் பேராக்கில் இருந்துகொண்டு பேசுவதற்கு நமக்கு உரிமை உண்டு. ஆசியாவின் தலைசிறந்த கோல் காவலராக 1966 முதல் 1970 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் மதிக்கப்பட்ட சௌ சீ கியோங் ஈப்போவில் பிறந்தவர். பேராக், சிலாங்கூர் அணிகளுக்கு ஆடினார். பிறகு ஹாங்காங்கில் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தார். மலேசிய ஆட்டக்காரர் ஒருவர் வெளியூருக்குச் சம்பளத்துக்கு ஆடப் போவது அதிசயமாக இருந்த காலம் அது. 2018இல் அவர் மறைந்தபோது, இன்றைய ஈப்போ இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழர் வீடுகளில் இன்னும் தெரிந்த பெயர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகள், அதனால் 'ஸ்பைடர்மேன்'. சிலாங்கூரின் கீப்பர், 1970களிலும் 80களிலும் நாட்டின் கீப்பர். 1974 ஆசிய விளையாட்டில் மலேசியா வெண்கலம் வென்றது. 1977லும் 1979லும் தென்கிழக்காசிய விளையாட்டுத் தங்கம். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோலில் நின்றவரும் அவர்தான். அந்த ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்தது. வென்ற இடத்துக்குப் போக முடியாமலே போயிற்று. 1988 டிசம்பரில் ஒரு சாலை விபத்து அவரைக் கொண்டுபோனபோது வயது 35. 2016இல் வந்த 'ஓலா போலா' படம் அந்த அணியை நினைத்து எடுக்கப்பட்டது. அதில் முத்து என்ற தமிழ்க் கீப்பர் வருவதைப் பார்த்து, திரையரங்கில் அப்பாக்கள் பிள்ளைகளிடம் நிஜக் கீப்பரின் பெயரைச் சொன்னார்கள்.

அந்தத் தலைமுறைக்குத் தனியாகக் கீப்பர் பயிற்றுநர் கிடையாது. ஆனால் ஒன்று இருந்தது: திடல். கிந்தா பள்ளத்தாக்கிலும் வடக்கே சுங்கை சிப்புட் பக்கமும் இருந்த ரப்பர்த் தோட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த வரிசை மனப்பாடம். கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, லயம், அதற்கு எதிரே ஒரு பாடாங். விடியலில் மரம் சீவி, பாலைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துக் கொடுத்தவர்கள், மதியம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு மாலையில் அங்கே வந்துவிடுவார்கள். கிராணியோ வாத்தியாரோ விசில் ஊதுவார். பெரியவர்கள் ஆடும்போது கோலுக்குப் பின்னால் பந்து பொறுக்கிக் கொடுக்கும் சின்னப் பையன்தான் அடுத்த கீப்பர். தலைக்கு மேலே பறந்து வந்த பந்துகளைப் பிடித்துப் பிடித்தே கை பழகும். சொல்லித்தர ஆள் இல்லாவிட்டாலும் பார்த்துக் கற்க ஆள் இருந்தார்கள்.

தோட்டம் துண்டாடப்பட்டது, செம்பனை வந்தது, பிறகு தாமான் வீடுகள் வந்தன. சனங்கள் ஊர்ப்பக்கம் நகர்ந்தார்கள். லயத்தோடு பாடாங்கும் போயிற்று. இன்றைய பையனுக்குக் கிடைப்பது தாமான் ஓரத்தில் ஒரு புல்தரை, அல்லது வாடகைக்கு எடுத்த ஃபுட்சால் கோர்ட். ஃபுட்சால் கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். காலால் தடுக்க, கிட்டத்தில் நின்று மறைக்க அது நல்ல பள்ளிக்கூடம். ஆனால் மேலே வரும் பந்தை எகிறிப் பிடிக்கவும், சிமெண்டு தரையில் விழாமல் புல்லில் விழவும் அங்கே கற்க முடியாது.

கம்பம் பெரிது, பையன் சின்னவன்

முழு அளவுக் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அதன் நடுவில் ஒன்றரை மீட்டர் உயரப் பையன் ஒருவனை நிறுத்திப் பாருங்கள். எம்பினாலும் விரல்நுனி குறுக்குக் கம்பத்தைத் தொடாது. பெரிய பையன்கள் அவன் தலைக்கு மேலே போட்டுப் போட்டு கோல் அடிப்பார்கள். வெளியே நிற்கும் அப்பா, "என்னடா பிடிக்கத் தெரியலையா?" என்பார். பிடிக்கத் தெரியாதது அவன் குற்றமல்ல. எட்டாத இடத்துக்கு அவனைக் காவல் வைத்தது நம் குற்றம். இங்கிலாந்தில் இதற்கு அளவு வைத்திருக்கிறார்கள்: எழுவர் ஆடும் சிறுவர் ஆட்டத்தில் கோல் 12 அடி அகலம், 6 அடி உயரம், ஒன்பதின்மர் ஆட்டத்தில் 16 அடிக்கு 7 அடி. நம் ஊரில் இதைச் செய்ய இரும்புக் கோல் வாங்க வேண்டியதில்லை. இரண்டு கம்பு ஊன்றி, குறுக்கே ஒரு கயிறு கட்டினால் போதும்.

பந்தும் அப்படித்தான். பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம். மழையில் நனைந்த புல்லில் அது இன்னும் கனமாகத் தோன்றும். வளரும் பிள்ளையின் மணிக்கட்டு எலும்பு நுனியில் இன்னும் கெட்டிப்படாத வளர்ச்சிப் பகுதி ஒன்று இருக்கிறது. வேகமாக வரும் கனத்த பந்து விரலைப் பின்னுக்குத் தள்ளும்போது அடி அங்கேதான் விழுகிறது. சிறுவயதுக் கீப்பர்களின் மணிக்கட்டு முறிவுகளை ஆராய்ந்து 2001இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த கட்டுரை, வயதுக்கேற்ற அளவுப் பந்தைக் கொடுங்கள் என்றுதான் கேட்டது. 12 வயது வரை 4ஆம் எண் போதும். "சின்ன வயசிலேயே பெரிய பந்தில் பழகினால் கை உரம் ஏறும்" என்று சொல்லும் பெரியவர்களிடம் வாதாடிப் பயனில்லை. பந்தை மாற்றிக் கொண்டுபோய்விடுவது நல்லது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தரையில் கட்டாத கோல் கம்பம் எந்த நேரமும் குப்புற விழலாம்; அதில் தொங்கி ஆடும் பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு. கிந்தா பள்ளத்தாக்கின் பிற்பகல் மழையோ இடி இல்லாமல் வருவதில்லை. 2017இல் மலாக்காவில் பயிற்சியின்போது மின்னல் தாக்கியதில் ஓர் இளம் ஆட்டக்காரர் உயிரிழந்தார். திறந்த வெளியில் இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பவன் கீப்பர். முதல் இடி கேட்டதும் பையனைக் கூரைக்குள் அனுப்பிவிட வேண்டும். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று இழுக்கும் பயிற்றுநரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

விழக் கற்றுக்கொடுப்பது

கீப்பர் பயிற்சியில் பார்ப்பவர் கண்ணுக்கு அழகாகத் தெரிவது பாய்ச்சல். கற்றுக்கொடுப்பவருக்கு முக்கியம் பாய்ச்சலின் மறுபாதி: தரையில் இறங்குவது. பயந்த பையன் எப்படி விழுகிறான் என்று கவனியுங்கள். முதலில் முழங்கையை ஊன்றுவான், அல்லது வயிறு அடிபட விழுவான். ஒருதடவை முழங்கை தோலுரிந்தால் அடுத்த பந்துக்குப் பாயமாட்டான். கையை மட்டும் நீட்டுவான். பந்து உள்ளே போகும். "இவன் தைரியமில்லாதவன்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

நல்ல பயிற்றுநர் அவனை முதலில் உட்கார வைப்பார். புல்லில் உட்கார்ந்தபடி, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய வேண்டும். தொடையின் வெளிப்பக்கம், இடுப்பு, தோள் என்று ஒவ்வொன்றாகத் தரையைத் தொட வேண்டும். முழங்கை உடலுக்கு அடியில் மாட்டக்கூடாது. ஒரு கை பந்துக்குப் பின்னால், ஒரு கை பந்துக்கு மேலே. தரை மூன்றாவது கை. பந்தைத் தரையோடு சேர்த்து அமுக்கும்போது அது நழுவாது. இது பழகியதும் முழங்காலில் நின்று விழுவது. பிறகு குந்தி நின்று. பிறகு நின்றபடி. கடைசியில்தான் ஓர் அடி எடுத்துவைத்துப் பாய்வது. அந்த அடியும் பக்கவாட்டில் அல்ல, பந்தை நோக்கிக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து. பின்னுக்கு நகர்ந்து பாய்பவனின் கையில் பட்ட பந்தும் கோலுக்குள்தான் போகும்.

ஈய லம்பங்கள் விட்டுப்போன மணல் கிந்தாவெங்கும் கிடக்கிறது. கல் பொறுக்கி, கண்ணாடித்துண்டு பார்த்து, ஒரு மூலையில் மணலைக் கொட்டி வைத்தால் முதல் சில வாரங்களுக்கு அதைவிட நல்ல மெத்தை கிடையாது. லம்பக் குட்டைப் பக்கம் மட்டும் பிள்ளைகளை விடக்கூடாது.

பிடிப்பதற்கும் ஒழுங்கு உண்டு. நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் இரண்டும் நெருங்கி, விரல்கள் விரிந்து பந்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே வருவதற்குச் சுண்டுவிரல்கள் ஒட்டி, உள்ளங்கை மேல்நோக்கி. எல்லாவற்றுக்கும் மேலே கண். பந்து கையில் வந்து சேரும்வரை கண் அதை விடக்கூடாது. கடைசி நொடியில் கண்ணை மூடுவதுதான் சின்னப் பையன்களின் பொதுவான பழக்கம். அதை அதட்டிச் சரிசெய்ய முடியாது. கிட்டத்தில் நின்று மெல்லப் போட வேண்டும். போகப் போகத் தூரத்தையும் வேகத்தையும் கூட்ட வேண்டும்.

நிற்கும் இடத்தைக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த கருவி பழைய துணிக்கயிறு. இரண்டு கம்பங்களின் அடியிலும் ஒவ்வொரு கயிற்றைக் கட்டி, இரண்டின் மறுமுனையையும் பந்து இருக்கும் இடத்தில் சேர்த்துப் பிடித்தால் ஒரு முக்கோணம் வரும். பையனை முதலில் கோல் கோட்டில் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் அவனுக்கும் கயிற்றுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அவனே பார்ப்பான். ஐந்து அடி முன்னே வரச் சொல்லுங்கள். இடைவெளி பாதியாகக் குறையும். இன்னும் மூன்று அடி வந்தால் கையை நீட்டினாலே இரண்டு கயிறும் எட்டும். ஆனால் தலைக்கு மேலே திறந்துவிடும் என்பதையும் அங்கேயே காட்ட வேண்டும். "அண்ணே, அப்ப எவ்வளவுதான் முன்னுக்கு வரணும்?" என்று பையன் கேட்பான். அந்தக் கேள்வி வந்த அன்றைக்கு அவன் கீப்பராகத் தொடங்கிவிட்டான்.

கூடவே ஒரு நுணுக்கம். எதிரியின் கால் பந்தில் படும் அந்த நொடியில் கீப்பரின் கால் இரண்டும் தரையில் நிலையாக இருக்க வேண்டும். ஓடிக்கொண்டே இருப்பவனால் திசை மாற்ற முடியாது. முன்னேறு, நில், பிறகு பாய். இதைப் பழக்க எந்தச் செலவும் இல்லை. ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: வரிசையாக முப்பது பந்து அடித்துப் பையனை மூச்சு வாங்க வைப்பதைப் பயிற்சி என்று நம்பாதீர்கள். அது தண்டனை. ஆறேழு பந்து, ஓய்வு, பேச்சு, மறுபடி ஆறேழு. களைத்த உடம்பு தப்பான பழக்கத்தைத்தான் மனப்பாடம் செய்யும்.

காலும் வேண்டும்

1992இல் விதி மாறியது. தன் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக்கூடாது. அன்றிலிருந்து கீப்பர் பதினோராவது ஆட்டக்காரராகிவிட்டார். 2025 ஜூலை முதல் இன்னொரு மாற்றம்: பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். அதாவது பிடித்ததும் யோசிக்காமல், பிடிப்பதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். ஆகவே கீப்பர் பையனைத் திடலின் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்துத் தனியாகப் பந்து அடித்துக்கொண்டிருந்தால் பத்தாது. பயிற்சியில் பாதி நேரமாவது அவனும் மற்றவர்களோடு பந்து கடத்த வேண்டும், வெட்டி ஆட வேண்டும், சில நாள் முன்வரிசையிலும் ஆட வேண்டும்.

கோல் காவலராகவே பிறந்தவர் என்று நாம் நினைக்கும் பலர் அப்படி இல்லை. இத்தாலியின் புஃபோன் சிறுவயதில் நடுக்களத்தில் ஆடினார். 1990 உலகக் கிண்ணத்தில் கேமரூன் கீப்பர் தோமா என்கோனோவைப் பார்த்துத்தான் மனம் மாறினார். பெல்ஜியத்தின் குர்த்துவா தொடங்கியது இடது பின்வரிசையில். நம்மவர் பீட்டர் தங்கராஜையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956 மெல்பர்ன், 1960 ரோம் ஒலிம்பிக்குகளில் ஆடியவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றபோது அணியில் இருந்தவர். அவர் செகந்தராபாத்தில் சென்டர் ஃபார்வர்டாகத்தான் ஆடத் தொடங்கினார். மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்த பிறகு கோலுக்கு மாற்றப்பட்டார். எதிரியின் முன்வரிசைக்காரன் என்ன நினைப்பான் என்பது அவனாக இருந்து பார்த்தவருக்குத் தெரியும்.

உயரத்தின் மோசடி

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பள்ளி அணிக்கோ மாவட்ட அணிக்கோ கீப்பர் எடுக்கும்போது முதலில் பார்ப்பது உயரம். 12 வயதில் உயரமாக இருப்பவன் பெரும்பாலும் சீக்கிரம் பருவமடைந்தவன், அல்லது ஜனவரி பிப்ரவரியில் பிறந்ததால் அந்த வயதுப் பிரிவில் மூத்தவன். 16 வயதில் மற்றவர்கள் அவனை எட்டிப்பிடித்துவிடுவார்கள். அதற்குள் அன்று ஒதுக்கப்பட்ட குட்டைப் பையன் திடலை விட்டே போயிருப்பான். அவன் அப்பா ஆறடி, மாமா ஆறடி என்பதை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். சரி, உயரமே வராவிட்டாலும்? மெக்சிகோவின் ஹோர்ஹே காம்போஸ் ஐந்தரை அடியைச் சற்றே தாண்டியவர். இரண்டு உலகக் கிண்ணங்களில் கோலைக் காத்தார், வேண்டும்போது முன்வரிசையிலும் ஆடினார்.

ரப்பர்க்காரர்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கன்று நட்டு ஆறேழு ஆண்டு, அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ அரை மீட்டர் ஆன பிறகுதான் முதல் வெட்டு. அவசரப்பட்டு இளமரத்தைச் சீவினால் கொஞ்ச நாள் பால் வரும். மரம் பருக்காது, பட்டை கெடும். கீப்பர் அதையும்விடத் தாமதமாகத் தேறுபவர். இத்தாலியின் டீனோ ஸோஃப் 1982இல் உலகக் கிண்ணத்தைத் தூக்கியபோது வயது 40. எகிப்தின் எஸ்ஸாம் எல்-ஹதாரி 2018 உலகக் கிண்ணத்தில் 45 வயதில் ஆடினார், ஒரு பெனால்ட்டியையும் தடுத்தார். இருபதாண்டு நீளும் ஒரு வாழ்க்கையை ஆறாம் வகுப்புப் பையனின் உயரத்தை அளந்து முடிவு செய்வது என்ன நியாயம்?

தவறு கோலாகும் இடம்

முன்வரிசைக்காரன் ஐந்து வாய்ப்பை விட்டு ஆறாவதில் அடித்தால் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். கீப்பர் ஐந்தைத் தடுத்து ஆறாவதை விட்டால் அந்த ஆறாவதுதான் வீடுவரை கூடவே வரும். 1950 உலகக் கிண்ணத்தில் பிரேசிலின் கீப்பர் பார்போசா, உருகுவேயிடம் விட்ட ஒரு கோலுக்காகச் சாகும்வரை ஏச்சு கேட்டார். அந்த நாடு அவரை நடத்திய விதத்தைப் படிக்கும்போது இன்றும் கூசுகிறது. நம் தாமான் திடலில் பத்து வயதுப் பையனுக்கு நடப்பதும் அதன் சின்னப் பதிப்புதான். வேலிக்கு வெளியே நிற்கும் அப்பாக்கள் கொஞ்சம் தங்கள் குரலைத் தாங்களே கேட்டுப் பார்க்கலாம்.

பயிற்றுநர் இதில் செய்யக்கூடியது உண்டு. கோல் விழுந்ததும் அந்த இடத்திலேயே பாடம் நடத்தாமல் இருப்பது. ஆட்டம் முடிந்து, தண்ணீர் குடித்து, பையன் தானாகப் பேசத் தொடங்கிய பிறகு, "நீ எங்க நின்ன? பந்து எங்க இருந்துச்சு?" என்று இரண்டே கேள்வி. "ஏன் விட்டே?" என்பது கேள்வியே அல்ல. அடுத்த பந்து வருவதற்குள் மனத்தைக் கழுவிக்கொள்ள அவனுக்கென்று ஒரு பழக்கம் வேண்டும். சிலர் கையுறைப் பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டுவார்கள். சிலர் இரண்டு கம்பத்தையும் தொட்டுவிட்டு வருவார்கள். மூடநம்பிக்கை மாதிரித் தெரியும், வேலை செய்கிறது.

பெனால்ட்டியில் இந்த மனக்கணக்கு இன்னும் வேடிக்கையானது. 11 மீட்டரில் இருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 0.4 நொடியில் கோட்டைத் தாண்டும். பார்த்துப் பாய நேரமில்லை, ஊகித்துப் பாய வேண்டியதுதான். இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 286 பெனால்ட்டிகளை எடுத்துப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய எல்லாக் கீப்பர்களும் ஏதோ ஒரு பக்கம் பாய்ந்தார்கள். நடுவிலேயே நின்றவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். ஆனால் நின்றவர்கள்தான் மூன்றில் ஒன்றைத் தடுத்தார்கள், பாய்ந்தவர்களைவிட அதிகம். அப்படியிருந்தும் ஏன் பாய்கிறார்கள்? நின்றபடி கோல் வாங்கினால் சும்மா இருந்தான் என்பார்கள். பாய்ந்து வாங்கினால் முயன்றான் என்பார்கள். பார்ப்பவர்களுக்காகப் பாய்வது. ஏச்சுக்குப் பயப்படாத பையனை வளர்த்தால்தான் அவனால் சும்மா நிற்க முடியும்.

நல்ல நாட்களும் உண்டு. 2010 டிசம்பரில் ஜகார்த்தாவின் பெரிய அரங்கத்தில், கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசிய அணி தென்கிழக்காசியக் கிண்ண இறுதியின் இரண்டாம் சுற்றை ஆடியபோது, 21 வயது கைருல் ஃபஹ்மி இந்தோனேசியக் கேப்டனின் பெனால்ட்டியைப் பிடித்தார். கிண்ணம் மலேசியாவுக்கு வந்தது. 2018இல் பேராக் மலேசியக் கிண்ணத்தைத் திரெங்கானுவிடம் இருந்து எடுத்ததும் 3-3க்குப் பிறகு பெனால்ட்டியில்தான். கோலில் நின்றவர் ஹஃபிசுல் ஹக்கீம்.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஓரமாக நின்று தம்பியின் ஆட்டத்தைப் பார்க்கும் அக்காவுக்கு வலைப்பந்தில் பழகிய கை இருக்கிறது: எகிறிப் பிடிக்கத் தெரியும், பிடித்ததும் யாருக்குப் போடுவது என்று தெரியும். சென்னையில் பிறந்த அதிதி சௌகான் கோல் காவலராகவே 2015இல் லண்டனின் வெஸ்ட் ஹாம் மகளிர் அணிக்குப் போனார். அதிதி போன தூரம் நம் ஊர்ப் பெண்களுக்கும் எட்டாததல்ல, யாராவது கையுறையை முதலில் அவர்களிடம் நீட்டினால்.

இனி எங்கே போவான்?

தேறிய பையனுக்கு வழி என்ன? பள்ளி, மாவட்டம், மாநிலம், பிறகு எம்எஸ்எஸ்எம் எனும் தேசியப் பள்ளிப் போட்டி. இன்னும் மேலே புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, கம்பாங்கில் மொக்தார் டஹாரி அகாடமி. தாளில் வழி நேராகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த வாசலில் நிற்கும் நேரத்தில் கீப்பர் பையன் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருப்பான். அதுவரை அவனுக்கு மட்டும் பயிற்றுநர் இருந்திருக்கமாட்டார். போதாக்குறைக்கு, எட்டு முறை மலேசியக் கிண்ணம் வென்ற மாநிலத்தின் பேராக் எஃப்சி 2025-26 சூப்பர் லீக்கில் இல்லை. ஈப்போ அரங்கத்துக்குப் போய், கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து, பெரிய கீப்பர் ஒருவர் தொண்ணூறு நிமிடம் எப்படி நகர்கிறார், எப்படிக் கத்துகிறார் என்று பார்க்கும் வாய்ப்பும் பையனுக்குக் குறைந்துபோயிற்று. பந்து பொறுக்கிய தோட்டத்துப் பையனுக்கு இருந்தது இவனுக்கு இல்லை.

ஆசியக் காற்பந்துச் சம்மேளனம் கோல் காவலர் பயிற்றுநர்களுக்கென்றே படிப்படியான சான்றிதழ்ப் பயிற்சிகள் வைத்திருக்கிறது. அதன் தலைமையகம் இருப்பது கோலாலம்பூரில்; ஈப்போவில் இருந்து ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரம். சின்னச் சின்னச் சங்கங்கள் ஒவ்வொன்றும் தனியாக ஒரு கீப்பர் பயிற்றுநரை வைக்க முடியாது, அது நியாயமான பேச்சுதான். ஆனால் தஞ்சோங் ரம்புத்தான், செம்மோர், சுங்கை சிப்புட், ஈப்போ புறநகர் என்று அக்கம்பக்கத்துச் சங்கங்கள் சேர்ந்து ஒருவரை அந்தப் பயிற்சிக்கு அனுப்பலாம். பழைய மாநில அணிக் கீப்பர்கள் இந்தப் பக்கங்களில் இன்னும் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள். வாரத்தில் ஒரு மாலை, ஒரே திடல், எல்லாச் சங்கத்துக் கீப்பர் பிள்ளைகளும். பத்துப் பேர் கூடினால் முதல் பலன் உடனே தெரியும்: தன்னைப் போலவே கம்பத்துக்கு நடுவில் தனியாக நிற்கும் இன்னும் ஒன்பது பேர் உண்டு என்று அந்தப் பையனுக்குத் தெரிந்துவிடும். ஒருவர் கோலை மற்றவர் பார்ப்பார், குறை சொல்வார், கையுறையைக் கைமாற்றிக்கொள்வார்.

தேவைப்படும் சாமான்: 4ஆம் எண் பந்து ஒரு டஜன், 5ஆம் எண் நாலு, ஊன்றிக் கட்டிய சின்னக் கோல் இரண்டு, கயிறு, மணல் ஒரு லாரி, முதலுதவிப் பெட்டி. சங்கத்தின் ஆண்டுவிழா மேடைக்கும் மாலைக்கும் ஆகும் செலவில் இது அடங்கிவிடும்.

சேர்க்கும்போது உயரம் கேட்க வேண்டாம். 12 வயதுக்குக் கீழே இருந்தால் அணியில் எல்லாரையும் முறைவைத்துக் கோலில் நிறுத்திப் பார்க்கட்டும். யார் பந்து வரும்போது முன்னால் ஓரடி எடுத்துவைக்கிறார்களோ அவர்களை அந்த மாலைக்கு அனுப்பட்டும். 15 வயது வரை யாரையும் கழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பிறகு தோற்ற ஒரு ஆட்டத்தின் சூட்டில் மறந்துவிடுவார்கள்.